‘குஷிங் இல்லை’ என்று முடிந்த சோதனை: 14 மாதத்தில் 18 கிலோ ஏறிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் 41 வயதுப் பெண், உடம்பு இளைக்க ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். கூட வேலை செய்பவரின் உறவினர் ஒருவருக்கு வாரம் ஒரு ஊசியில் நன்றாக இளைத்துவிட்டதாம். 2025 மார்ச்சில் டிர்செபடைட் என்ற எடைக்குறைப்பு ஊசி இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியோடு வருபவர்கள் கூடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் முதலில் இது ஒன்றும் வித்தியாசமான வருகையாகத் தெரியவில்லை.

14 மாதங்களுக்கு முன் அவருடைய எடை 61 கிலோ. வந்த அன்று 79. உயரம் 154 செ.மீ. பி.எம்.ஐ. 25.7இலிருந்து 33.3க்குப் போயிருந்தது. இந்தியர்களுக்கு 23இலிருந்தே அதிக எடை என்றும் 25இலிருந்து உடல் பருமன் என்றும் கணக்கு வைத்திருக்கிறோம். ஆக, 61 கிலோ இருந்தபோதே அவர் ஒல்லியானவர் இல்லை. ஆனால் பத்து வருடமாகக் கிட்டத்தட்ட அதே எடையில் இருந்த ஒருவர், வீடும் வேலையும் சமையலும் மாறாமல், ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமான காலத்தில் 18 கிலோ ஏறுவது வேறு விஷயம்.

காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்கு எழுந்திருக்கும் ஒன்றரை ஷிப்ட் வேலை. இடையில் இரண்டு டீ, ஒரு பன் அல்லது போண்டா. மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோகும் சாதம். “ராத்திரி சோறே இல்லீங்க, ரெண்டு சப்பாத்திதான். அப்புறமும் ஏறிட்டேதான் இருக்குதுங்க” என்றார். இதற்கு முன் பார்த்த மூன்று இடங்களிலும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் குறைத்துத்தான் இருந்தார். பசி மட்டும் குறையவில்லை. அந்த ஒன்றை எந்தக் கோப்பிலும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறோம்.

கோப்பில் இருந்தவை

கையில் ஒரு தடிமனான கோப்பு இருந்தது. அதைத் தேதிவாரியாக அடுக்கியதும் கதை ஓரளவு புரிந்தது.

முதல் இடத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பார்த்திருக்கிறார்கள். 6.1 வந்திருக்கிறது, தைராய்டு சுரக்கும் டி4 சரியாகவே இருந்தது. தைராய்டுதான் காரணம் என்று சொல்லி தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் 50 மைக்ரோகிராம் ஆரம்பித்திருக்கிறார்கள். அடுத்த சோதனையில் டி.எஸ்.எச். 2.3க்கு இறங்கியது, எடை 4 கிலோ ஏறியது. இதில் ஆச்சரியம் இல்லை. தைராய்டு முற்றிலும் சோர்ந்துபோனவர்களுக்கே அதனால் கூடும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். போதாக்குறைக்கு, எடை கூடினாலே டி.எஸ்.எச். லேசாக உயர்வதும் உண்டு. 6.1 என்பது எடைக்குக் காரணமாக இருப்பதைவிட எடையின் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது இடத்தில் மாதவிடாய் தள்ளிப்போவதற்காக ஸ்கேன். சினைப்பையில் ஒரு சிறு நீர்க்கட்டி, கல்லீரலில் கொழுப்பு. உடனே நீர்க்கட்டிப் பிரச்சினை என்று பெயர் வைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் பெற்று, 40 வயதுவரை மாதவிடாய் ஒழுங்காக இருந்த ஒருவருக்கு அந்த நோய் புதிதாகத் தொடங்குவது வழக்கம் இல்லை. அது பெரும்பாலும் பருவ வயதை ஒட்டியே தலைகாட்டும்.

மூன்றாவது இடத்தில் ஒருவர் சரியாகவே சந்தேகப்பட்டிருக்கிறார். முகம் உருண்டுபோனதையும் புதிதாக வந்த இரத்த அழுத்தத்தையும் கவனித்து, கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் மிகுவதால் வரும் குஷிங் நோய்க்கான டெக்சாமெத்தசோன் சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். இரவு 11 மணிக்கு, கார்டிசால் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் 1 மி.கி. மாத்திரை, மறுநாள் காலை 8 மணிக்கு இரத்தத்தில் கார்டிசால். முடிவு டெசிலிட்டருக்கு 0.7 மைக்ரோகிராம். 1.8க்குக் கீழே வந்தால் இயல்பு என்று கொள்வார்கள். அறிக்கையின் ஓரத்தில் பேனாவால் ‘குஷிங் இல்லை’ என்று எழுதியிருந்தது. அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது. அதன் பிறகு உணவுப் பட்டியலும் நடைப்பயிற்சியும்தான்.

நேரில் பார்த்தபோது

அறிக்கை ஒன்று சொன்னது, உடம்பு வேறொன்று சொன்னது. இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. (பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும்), ஆனால் கையும் தொடையும் மெலிந்திருந்தன. கழுத்தின் பின்புறம் மேடு தட்டியிருந்தது. கன்னம் சிவந்து, காதோரத்தில் பூனைமுடி. அடிவயிற்றில் ஊதா நிறக் கோடுகள், ஒரு செ.மீ.க்கும் அகலமானவை. பிரசவக் கோடுகள் வெளிறிப் போயிருக்கும். இவை அப்படி இல்லை. முன்கையில் அங்கங்கே கன்றிப்போன தடங்கள். டேபிள் விளிம்பில் லேசாக இடித்தாலே அப்படி ஆகிறது என்றார். இரத்த அழுத்தம் 150/96. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 7.4.

கீழே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எழச் சொன்னோம். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பஸ் படி ஏறும்போது கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுகிறாராம்; கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினால் வலிக்கிறதாம். எடை கூடியதால் அப்படி என்று நினைத்திருக்கிறார். அது மட்டும் காரணம் இல்லை, தசையே கரைந்திருந்தது.

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தோம். அதில் இருந்த முகத்துக்கும் எதிரில் இருந்த முகத்துக்கும் அக்கா தங்கை என்று சொல்லும் அளவுக்குக்கூட ஒற்றுமை இல்லை. பழைய படத்தைப் பார்ப்பது காசு இல்லாத சோதனை. கூட இருப்பவர்கள் தினமும் பார்ப்பதால் இந்த மாற்றம் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

எடை கூடிய எல்லோருக்கும் கார்டிசால் பார்க்க வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. பருமன் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஹார்மோன் நோய் எதுவும் இருப்பதில்லை. ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட, எல்லோருக்கும் தைராய்டு மட்டும் பார்த்தால் போதும், மற்றவை அறிகுறி இருந்தால்தான் என்கிறது. பருமனோடு சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து வருவது சாதாரணம். ஊதாக் கோடு, எளிதில் கன்றுவது, தொடைத் தசை வலுவிழப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது சாதாரணம் இல்லை. இவருக்கு மூன்றும் இருந்தன.

மறுபடி எடுத்த சோதனை

டெக்சாமெத்தசோன் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை. முதல் நாள் இரவு எந்த மாத்திரையும் கொடுக்காமல், காலை 8 மணிக்கு இரத்தம் எடுத்து, கார்டிசாலும் அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச்.சும் பார்த்தோம். கார்டிசால் 0.9. ஏ.சி.டி.எச். 5க்கும் கீழே. காலை எட்டு மணிக்கு ஆரோக்கியமான ஒருவருக்குக் கார்டிசால் உச்சத்தை ஒட்டி இருக்கும். 5 முதல் 25 வரை என்பது வழக்கமான அளவு. 3க்குக் கீழே போனால், கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு முழுக்கக் கார்டிசால் மிகுந்ததன் அடையாளங்கள். இரத்தத்திலோ கார்டிசாலே இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டுமென்றால், கார்டிசாலைப் போல வேலை செய்யும் வேறு ஏதோ வெளியிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டியில் தினமும் லாரித் தண்ணீர் ஊற்றினால் தானியங்கி மோட்டார் ஓடவே ஓடாது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் துருப்பிடித்தும் போகும். பிட்யூட்டரியும் அட்ரீனலும் அப்படித்தான் நின்றுபோயிருந்தன.

பழைய சோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் இங்கே தெளிவாகிறது. உடம்பு தானாக அதிகக் கார்டிசால் சுரக்கிறதா என்பதுதான் அந்தச் சோதனையின் கேள்வி. இல்லை என்பது சரியான பதில்தான். ஏற்கெனவே சுரப்பு நின்றுபோனவருக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 0.7தான் வரும். அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எந்தச் சோதனைக்கும் முன்னால் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போகிறதா என்று விசாரிக்க வேண்டும் என்றுதான் முதலில் இருக்கிறது. ஆய்வகப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருப்பதில்லை.

இன்னொரு குறிப்பும் அந்த எண்ணில் ஒளிந்திருந்தது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு, வழக்கமான கார்டிசால் சோதனை அந்த மருந்தையும் சேர்த்து அளந்து எண்ணை உயர்த்திக் காட்டிவிடும். டெக்சாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் அப்படிக் கலந்து தெரிவதில்லை. எண் இவ்வளவு கீழே இருந்ததால் அந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்தோம்.

டப்பா

வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வி எல்லாப் படிவத்திலும் இருக்கிறது. அதற்கு அவர் எல்லா இடத்திலும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. சோதனை முடிவு வந்த அன்று எங்கள் செவிலியர் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். “நாள் முழுக்க உக்காந்து தைக்கிறீங்களே, முட்டி வலிக்கு என்னக்கா பண்ணுவீங்க?”

“அதுக்கு மூலிகைக் கேப்சூல் இருக்குதுங்க. எங்க அத்தை வாங்கித் தருவாங்க.”

அத்தை என்றால் மாமியார். சந்தையில் பழக்கமான ஒருவரிடம் முதலில் வாங்கியிருக்கிறார்கள். பிறகு போனில் சொன்னால் கூரியரில் வந்துவிடுமாம். மறுநாள் டப்பாவைக் கொண்டுவந்தார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பச்சை ஸ்டிக்கர், ஒரு இலைப் படம். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல் எதுவும் இல்லை. முறையான சித்த, ஆயுர்வேத மருந்து எதுவாக இருந்தாலும் இவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இந்த டப்பாவை வைத்து அந்த மருத்துவ முறைகளைப் பழிப்பதில் அர்த்தம் இல்லை. உரிமம் பெற்ற சித்த மருத்துவர் யாரும் இதைக் கொடுக்கவில்லை.

16 மாதங்களாகச் சாப்பிடுகிறார். ஆரம்பித்த இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது. முதலில் தினம் ஒன்று, பிறகு இரண்டு. இடையில் பார்சல் வரத் தாமதமானபோது இரண்டு மூன்று நாள் விட்டிருக்கிறார். உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி வலி, எழுந்திருக்கவே முடியவில்லையாம். கேப்சூல் இல்லாவிட்டால் மூட்டு வலி திரும்பிவிடுகிறது என்று வீட்டில் எல்லோரும் அதைப் புரிந்துகொண்டார்கள். அது மூட்டு வலி இல்லை, ஸ்டீராய்டு விலகும்போது வரும் வலி.

வலி நிவாரணி என்று விற்கும் ‘இயற்கை’ப் பொருள்களில் ஸ்டீராய்டு கலப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. மூட்டுக்கு நல்லது என்று விற்ற ஆர்ட்ரி கிங் என்ற பொருளில் டெக்சாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. லேபிளில் இரண்டின் பெயரும் இல்லை.

எடுத்த முடிவுகள்

காரணம் தெரிந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, டப்பாவைத் தூக்கிப் போடு என்பதுதான். இந்த நிலையில் மிக ஆபத்தான காரியமும் அதுதான். சொந்தச் சுரப்பு பூஜ்யம். வெளியிலிருந்து வருவதையும் நிறுத்தினால் ஒரு சாதாரணக் காய்ச்சலில்கூட இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே கேப்சூலை நிறுத்திய அதே காலையில் ப்ரெட்னிசோலோன் 10 மி.கி. ஆரம்பித்தோம். கேப்சூலுக்குள் என்ன, எவ்வளவு என்று தெரியாதபோது, உடம்பின் அன்றாடத் தேவைக்கு ஈடான 4 முதல் 6 மி.கி.யைவிடக் கூடுதலாகத் தொடங்குவது பாதுகாப்பு. நீண்ட நேரம் வேலை செய்யும் டெக்சாமெத்தசோனிலிருந்து குறுகிய நேர மருந்துக்கு மாற்ற வேண்டும் என்பது 2024இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. உடம்பு குண்டாகக் காரணமே ஸ்டீராய்டு என்று சொல்லிவிட்டு, கையிலே ஸ்டீராய்டு மாத்திரையையே கொடுப்பதை அவருக்கும் கணவருக்கும் புரியவைக்க, நோயைக் கண்டுபிடித்ததைவிட அதிக நேரம் ஆனது.

அவர் கேட்டு வந்த ஊசியைக் கொடுக்கவில்லை. விலை ஒரு காரணம்தான். நீக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கும்போது அதை முதலில் நீக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஊசிக்குத் தொடக்கத்தில் குமட்டலும் வாந்தியும் வருவது சகஜம். அட்ரீனல் உறங்கிக் கிடக்கும் ஒருவருக்கு வாந்தி வந்தால் மாத்திரை வயிற்றில் தங்காது. அது ஊசியின் பக்கவிளைவா, கார்டிசால் பற்றாக்குறையா என்று பிரித்தறியவும் முடியாது. ஒரு வருடம் கழித்தும் தேவைப்பட்டால் பேசலாம் என்றோம்.

தைராக்சினை நிறுத்தினோம். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை, டி4 எப்போதுமே சரியாக இருந்தது. தவிர, தைராக்சின் உடம்பில் கார்டிசால் கரையும் வேகத்தைக் கூட்டும். கார்டிசால் குறைந்தவருக்கு அது நல்லதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அழுத்தத்துக்கு அம்லோடிபின். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகெலும்பில் வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவாக இருந்ததால் (இசட் ஸ்கோர் மைனஸ் 2.2) கால்சியமும் வைட்டமின் டியும். கண்ணில் புரையும் அழுத்தமும் பார்க்கச் சொன்னோம், இரண்டும் இல்லை.

முட்டி வலி நிஜமானது. அதை விட்டுவிட்டால் அவர் மறுபடி வேறொரு டப்பாவைத் தேடிப் போவார். எக்ஸ்ரேயில் ஆரம்பநிலைத் தேய்மானம். பாரசிட்டமால், தொடைத் தசைக்குப் பிசியோதெரபி. ஸ்டூலின் உயரத்தையும் பெடலின் தூரத்தையும் மாற்றச் சொல்லிக் கம்பெனி சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் உதவியது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஒரு அட்டையும் எழுதிக் கொடுத்தோம். தமிழிலும் ஆங்கிலத்திலும்: இவருக்கு அட்ரீனல் சுரப்பு இல்லை, காய்ச்சல் வந்தால் டோஸை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி, மயக்கம் என்றால் தாமதிக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போட வேண்டும். பர்ஸில் எப்போதும் இருக்க வேண்டும் என்றோம்.

கேப்சூல்கள் சிலவற்றை டப்பாவோடு மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் ஒப்படைத்தோம். வாங்கியவரே அரசுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சொல்ல மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு இடம் தருகிறது. பலருக்கும் இது தெரியாது. சிகிச்சை அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

மூன்றாவது வாரம்

உறவில் ஒரு கல்யாணத்துக்காக அவர் அம்மா வீட்டுக்குப் போனார். மாத்திரை உறையில் இருந்த பெயரைத் தம்பி யூடியூபில் தேடியிருக்கிறார். ஸ்டீராய்டு என்றதும், “இத்தனை நாள் உன்னைக் கெடுத்ததே இதுதான்க்கா” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். அக்கறையில் செய்ததுதான். மூன்று நாள் மாத்திரை இல்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. நாலாம் நாள் விடியற்காலையில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார்.

அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இரத்த அழுத்தம் 80/50, சர்க்கரை 58, சோடியம் 126. பொட்டாசியம் சரியாக இருந்தது. வெளி ஸ்டீராய்டால் அட்ரீனல் நின்றுபோனவர்களுக்கு உப்பைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன் பெரும்பாலும் கெடுவதில்லை என்பதால் பொட்டாசியம் ஏறாது. அதை மட்டும் பார்த்து அட்ரீனல் நெருக்கடி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றியது என்று சலைன் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் போன பிறகும் அழுத்தம் ஏறவில்லை. ஆதார் அட்டைக்காகப் பர்ஸைத் திறந்த செவிலியர் அந்த அட்டையைப் பார்த்து மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பில் போட்டு, பிறகு ஆறு மணிக்கொரு தரம் 50 மி.கி. மதியத்துக்குள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாராம்.

குறைத்துக்கொண்டு போன மாதங்கள்

ஊர் திரும்பியதும் கணவர், மாமியார், தம்பி மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினோம். அந்தப் பேச்சின் நடுவே மாமியார், தானும் அதே கேப்சூலை இரண்டு வருடமாகச் சாப்பிடுவதாகச் சொன்னார். அவருக்கு எடை அவ்வளவு ஏறவில்லை, சர்க்கரை மட்டும் கட்டுக்குள் வரவே இல்லையாம். காலைக் கார்டிசால் 1.8. அவருக்கும் தனியாக ஒரு கோப்பு திறந்தோம்.

மருமகளுக்கு ப்ரெட்னிசோலோன் நாலு வாரத்துக்கு ஒரு முறை 10, 7.5, 5 என்று இறங்கியது. அதன் பிறகு காலையில் 10 மி.கி., மதியம் 5 மி.கி. ஹைட்ரோகார்டிசோன். குறைத்த ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் உடம்பு வலி, தூக்கமின்மை, அழுகை. அப்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பழைய கேப்சூல் ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுங்களா?” இந்தக் கட்டத்தில் ஆள் கைவிட்டுப் போய்விடுவார் என்பதால் செவிலியர் வாரம் ஒரு முறை போனில் பேசினார்.

சுரப்பு திரும்புகிறதா என்று பார்க்க, முந்தின நாள் மதிய டோஸை விட்டுவிட்டு, காலை டோஸுக்கு முன் கார்டிசால் எடுத்தோம். நாலாம் மாதம் 2.6. ஏழாம் மாதம் 6.3. பதினோராம் மாதம் 11.4. 10ஐத் தாண்டினால் நிறுத்தலாம் என்பது 2024 வழிகாட்டுதலின் அளவு, நிறுத்தினோம். 5க்கும் 10க்கும் நடுவில் இருந்த மாதங்களில் பொறுமைதான் மருந்து. அவசரப்பட்டு, அட்ரீனலைத் தூண்டிப் பார்க்கும் சோதனை செய்வதால் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

எடை முதல் மூன்று மாதத்தில் இரண்டு கிலோதான் இறங்கியது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். ஆறாம் மாதம் 72.5, பதினோராம் மாதம் 67. எடைக்கு முன்னால் முகம் பழையபடி ஆனது. கம்பெனியில் எல்லோரும் ஐந்தாம் மாதமே கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். இரத்த அழுத்த மாத்திரை நின்றது. மூன்று மாதச் சர்க்கரை 6.1, மெட்ஃபார்மின் பாதி டோஸில் தொடர்கிறது. மாதவிடாய் ஒழுங்கானது. தைராக்சின் இல்லாமலே டி.எஸ்.எச். 4.4. ஊதாக் கோடுகள் வெளுத்தன, மறையவில்லை; மறையாது. தொடை வலு திரும்ப எட்டு மாதம் பிடித்தது. எலும்பு அடர்த்தியை அடுத்த வருடம் மறுபடி பார்க்க வேண்டும்.

67 கிலோவில் பி.எம்.ஐ. 28.3. ஏறியதில் 12 கிலோ போயிற்று, 6 கிலோ நிற்கிறது. அது கேப்சூலோடு போகாது. ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்த வேலைக்கும் டீக்கடை போண்டாவுக்கும் பொறுப்பான எடை. அதற்கு நடையும் தட்டில் கொஞ்சம் மாற்றமும்தான் வழி. ஊசி பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.

என்ன மாற்றினோம்

எடைக்காக வருபவர்களுக்கு நேரம் ஒதுக்கும்போதே, வீட்டில் இருக்கும் மருந்து, பொடி, தைலம், கிரீம், சத்துமாவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். முகத்துக்குப் பூசும் சிவப்பழகு கிரீமில் குளோபீட்டசால் என்ற ஸ்டீராய்டு இருக்கலாம். ஆஸ்துமாவுக்கு மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரையில் பீட்டாமெத்தசோன் இருக்கலாம். முட்டியில் போட்ட ஊசியும் கணக்கில் வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்தவையும் விதிவிலக்கு இல்லை. இன்சுலின், பயோகிளிட்டசோன், வால்ப்ரோயேட், ஒலான்சபின், மிர்டசபின் எல்லாமே எடையைக் கூட்டும். படிவத்தில் ‘வேறு மருந்து’ என்ற வரியை எடுத்துவிட்டு, வலி, மூச்சு, தோல், தூக்கம் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறோம்.

டெக்சாமெத்தசோன் சோதனை எழுதும்போது, அதற்கு முந்தைய ஏதாவது ஒரு காலையில் எடுத்த கார்டிசாலும் கூடவே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆகும். 0.7 என்ற எண் அடங்கியதால் வந்ததா, ஏற்கெனவே அடங்கிக் கிடந்ததா என்று அது காட்டிவிடும்.

ஸ்டீராய்டைக் குறைக்கும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே வீட்டாரை அழைத்துப் பேசுகிறோம். பிறந்த வீட்டாரையும் சேர்த்துத்தான். நேரில் வர முடியாதவர்களிடம் வீடியோ அழைப்பில். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மாத்திரை உறையின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டித் தருகிறோம். அட்டையின் ஒரு நகல் கணவரின் போனிலும் இன்னொன்று கம்பெனியின் முதலுதவி அறையிலும் இருக்கிறது. மாமியார் இப்போது ஹைட்ரோகார்டிசோனில் இருக்கிறார். கடைசியாக எடுத்த காலைக் கார்டிசால் 4.1, அடுத்தது மூன்று மாதம் கழித்து.